கருப்பியும் வெள்ளச்சியும்

அக்டோபர் 4
கருப்பி இன்று வெள்ளச்சியைத் தீனித் தொட்டிப் பக்கமே விடவில்லை. ஒரு கொத்துக் கொத்தி விலக்கிவிட்டுத் தன் தீனியைப் பார்த்தால் பரவாயில்லை, எல்லாக் கோழியும் செய்வதுதான். இவள் தின்பதையே விட்டுவிட்டு வேலி வரைக்கும் துரத்திப் போய்க் கழுத்து இறகைப் பிடித்து இழுக்கிறாள். சாயங்காலம் வெள்ளச்சியைத் தூக்கி இரைப்பையைத் தடவிப் பார்த்தேன். காலியாக இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் உருண்டையாக நிறைந்திருந்தது.

அக்டோபர் 5
கூட்டத்தில் மூத்த கோழி போன மாதம் செத்தது. அதற்குப் பிறகுதான் இவ்வளவும். கோழிகளுக்குள் இருக்கும் இந்தக் கொத்து வரிசையை 1921-இல் முதலில் விளக்கி எழுதியவர் நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. வரிசை நிலைத்துவிட்டால் தலையை நிமிர்த்திப் பார்ப்பதே போதும், சண்டை தேவைப்படாது. மேல் இடம் காலியானால் வரிசை குலைந்து மறுபடி சண்டை ஆரம்பிக்கலாம். கருப்பி அந்த இடத்துக்குத்தான் ஏறுகிறாள். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று பட்டினி கிடக்கும் அளவுக்குப் போனால் நாம் உள்ளே புகத்தான் வேண்டும்.

அக்டோபர் 6
வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தேன். கருப்பி அடை கிடக்கவில்லை, முட்டைப் பெட்டியில் உட்காரவே மாட்டேன் என்கிறாள். ராத்திரி டார்ச் அடித்து அமரும் கழிகளின் அடியிலும் இடுக்குகளிலும் தேடினேன். ரத்தம் குடிக்கும் செந்நிறச் செல் பூச்சி பகலில் மரத்துக்குள் ஒளிந்துகொண்டு இரவில்தான் வெளியே வரும், அது இருந்தால் எந்தக் கோழியும் எரிச்சலாகவே இருக்கும். ஒன்றும் இல்லை. இட நெருக்கடியும் இல்லை.

இரண்டாவது தீனித் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும் வைத்தேன். பக்கத்தில் வைத்தால் ஒரே கோழி இரண்டையும் காவல் காக்கும் என்பதால் எதிர் மூலையில். நடுவில் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டேன். துரத்தப்படுகிறவள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் பாதித் துரத்தல் அங்கேயே நின்றுவிடும்.

அக்டோபர் 9
பலகை உதவியது, வெள்ளச்சி தின்கிறாள். ஆனால் இன்று முதுகில் ரத்தம்.

அவள் இறகு உதிர்த்து முளைக்கவிடும் சமயம் இது. புதிதாகக் குச்சி குச்சியாக வரும் இறகுக்குள் ரத்தம் ஓடும், ஒரு கொத்துப் பட்டாலே பீறிடும். சிவப்பைக் கண்டால் கருப்பி மட்டுமல்ல, சாதுவான கோழியும் வந்து கொத்தும். கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் அவளையே தின்றுவிடும் நிலைக்குப் போய்விடும். உடனே தூக்கி வந்து உப்புத் தண்ணீரில் கழுவினேன்.

இப்போது இரண்டையுமே பிரித்தாயிற்று, ஆனால் ஒரே மாதிரி அல்ல. வெள்ளச்சியைக் கூட்டுக்குள்ளேயே கம்பி வலைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மற்றவை அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் புண் ஆறித் திரும்பும்போது அந்நியக் கோழியாகிவிடுவாள். கருப்பியை வீட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத கூண்டில் விட்டேன். தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் உண்டு. அவள் இடம் அங்கே காலியாக வேண்டும், அதுதான் நோக்கம். அடி வாங்கியவளை மட்டும் எடுத்துவிட்டு அடிப்பவளை அப்படியே விட்டால், அடுத்து யாராவது மாட்டுவார்கள்.

அக்டோபர் 11
கருப்பியின் அலகு நுனியை வெட்டிவிடச் சொல்கிறார்கள். செய்ய மாட்டேன். அலகு வெறும் நகம் அல்ல, நுனியில் நரம்பு இருக்கிறது, வலிக்கும். மண்ணில் கிளறி எடுத்துத் தின்பதும் இறகைக் கோதுவதும் அதைக் கொண்டுதான்.

இறகில் ஏறக்குறைய 85 சதவீதம் புரதம். முட்டையிடும் கோழித் தீவனத்தில் 16 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். இறகு முளைக்கும் வரை 20 சதவீதப் புரதமுள்ள தீவனத்துக்கு மாற்றிவிட்டேன். புரதம் போதாத கூட்டத்தில் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்பது உண்டு.

அக்டோபர் 14
கீரைக் கட்டைக் கழுத்து எட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன். காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டு. இன்னொரு கோழி, செவலை, முதலில் தின்கிறாள், யாரும் தடுக்கவில்லை.

அக்டோபர் 17
வெள்ளச்சியின் புண் காய்ந்து, மேலே இறகு மூடிவிட்டது. வலையைத் திறந்தேன். சாம்பல் நிறக் கோழி ஒரு கொத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 19
கருப்பியைப் பகலிலேயே விட்டேன், நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. நேராகத் தொட்டிக்குப் போனாள். செவலை கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரே வந்தாள். இரண்டும் மார்போடு மார்பு மோதின. நான் தலையிடவில்லை, ரத்தம் வராத சண்டையை அவர்களே முடித்துக்கொண்டால்தான் வரிசை நிற்கும். கருப்பி தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகினாள்.

அக்டோபர் 23
கருப்பி வெள்ளச்சியை இப்போதும் கொத்துகிறாள், தொட்டியருகே மட்டும். துரத்திக்கொண்டு போவதில்லை. வெள்ளச்சி பலகையைச் சுற்றி மற்றத் தொட்டிக்குப் போய்த் தின்கிறாள். சாயங்காலம் இரைப்பை நிறைந்திருந்தது. இரண்டாவது தொட்டியை எடுக்கப் போவதில்லை.