ரெண்டு விரல் இடைவெளி

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது மணிக்கே வராந்தா நிறைந்துவிடும். பச்சிளம் குழந்தைகள் வார்டிலிருந்து மாறுதலாகி இந்தப் பிரிவுக்கு வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டவை பேபி கேரியர்கள்தான். முன்பெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பாட்டி கையில் ஏந்தி வருவார். இப்போது குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அப்பாவின் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். ஸ்கூட்டி விஷயத்தில் நான் போடும் சண்டை தனி. அதை இங்கே எடுக்கவில்லை.

ஒரு நாள் 45 நாள் ஊசிக்கு ஒரு பெண் தன் அம்மாவுடன் வந்திருந்தார். கேரியருக்கு மேல் வெயிலுக்காகத் துப்பட்டா போர்த்தியிருந்தது. உள்ளிருந்து ‘கொர் கொர்’ என்று சத்தம்.

“எங்க மாப்பிள்ளை மாதிரியே குறட்டை விடுறான் பாருங்க சிஸ்டர்” என்றார் பாட்டி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீட்டு எழுதத் துப்பட்டாவை விலக்கியபோது சிரிப்பு போய்விட்டது. வார்ப்பட்டை தளர்ந்து குழந்தை பைக்குள் கீழே இறங்கியிருந்தான். தாடை நெஞ்சில் புதைந்திருந்தது, மூக்கு துணியில் அழுந்தியிருந்தது, நெற்றி முழுக்க வியர்வை. வெளியே எடுத்து மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். அந்த நொடியே சத்தம் நின்றது. ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தான். உதடு நிறம் மாறவில்லை, மூச்சும் சீராக இருந்தது.

“தூங்கிட்டுதானே இருந்தான்?” என்று கேட்டார் அந்தப் பெண். குற்றம் சாட்டப்பட்டவர் போல முகம் வாடிவிட்டது. அவரை என்ன சொல்ல? பெட்டியோடு வந்த விளக்கத்தாளில் எல்லாம் பொடி எழுத்து. இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் கங்காரு முறையை 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் தவித்த ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கினார். எங்கள் வார்டிலும் அதுதான் நடந்தது. சாய்ந்த நாற்காலி, அகலமான கட்டுத்துணி, தவளைக் கால் மாதிரி மடங்கிய கால்கள், ஒரு பக்கம் திரும்பிய தலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் ஷிஃப்டில், தாய் வலிக்கிறது என்றதால் நான் துணியைத் தளர்த்திக் கட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ரவுண்ட்ஸ் வந்த மூத்த சிஸ்டர் குழந்தை சரிந்திருப்பதைப் பார்த்தார். திட்டவில்லை. தலையைத் தூக்கிச் சரிசெய்து, இறுக்கிக் கட்டிவிட்டு, கடிகாரத்தைக் காட்டினார்: “முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணு.” ஐம்பத்திரண்டு வந்தது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னார்.

பச்சிளம் குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. மூச்சுக்குழாய் மெல்லிய ஸ்ட்ரா அளவுதான், அதுவும் மெத்தென்று இருக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் அது மடங்கிவிடும். திணறும் பெரியவர்கள் உதறிக்கொண்டு எழுவார்கள். இவனால் தலையைத் திருப்பக்கூட முடியாது, அழுவதற்கும் காற்று வேண்டுமே. அதனால்தான் இந்த ஆபத்தில் சத்தமே வராமல் போகலாம். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் மாட்டும் ஸ்லிங் பைகளைப் பற்றி எச்சரித்தபோது, 20 ஆண்டுகளில் குறைந்தது 14 இறப்புகளைக் குறிப்பிட்டது. அதில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள்.

இதைக் கேட்டதும் “அப்போ தூளி?” என்பார்கள். தூளிக்குள்ளும் முதுகு வளையும், தாடை இறங்கும். நம் ஊர்ப் பழக்கம் என்பதற்காகக் கழுத்து வேறு மாதிரி வேலை செய்யாது. இதைச் சொன்னால் பாட்டிமார்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கேரியரே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பிள்ளை நெஞ்சோடு ஒட்டித் தூங்குவது நல்லதுதான், வார்டில் அதற்காகத்தான் மல்லுக்கட்டினோம். ஆனால் வார்டில் தாய் கண் அசந்தாலும் எங்கள் கண் அங்கே இருந்தது. வீட்டில் அது கிடையாது. ஆகவே கேரியரில் குழந்தை தூங்கும்போது கட்டியிருப்பவர் தூங்கக் கூடாது, சோபாவில் சாயவும் கூடாது. அடுப்படி வேலையும் வேண்டாம். குனிந்தால் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருக்கட்டும், முகம் எப்போதும் தெரியட்டும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையணும். பால் கொடுக்கத் தளர்த்தினால், கொடுத்து முடித்ததும் மறுபடி தூக்கி இறுக்கணும். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். நம் வெயிலில் கேரியரே ஒரு சட்டைக்குச் சமம், அதன்மேல் ஸ்வெட்டரும் குல்லாவும் எதற்கு? வீட்டுக்கு வந்ததும் தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை, சமமான இடத்தில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவன், எடை குறைந்தவன், சளி பிடித்தவன் என்றால் டாக்டரைக் கேட்காமல் கேரியர் வேண்டாம்.

அன்று அந்தப் பெண்ணை வெளியே அனுப்புவதற்கு முன் நானே கேரியரை மூன்று தடவை கட்டிக் காட்டினேன். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. நான்காவது தடவை அவரே கட்டினார். பாட்டி பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை.

75 நாள் ஊசிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். துப்பட்டா அம்மாவின் தோளிலேயே இருந்தது. பிள்ளை நிமிர்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து பாட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் தாடைக்கடியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு விரல் போகுது சிஸ்டர்” என்றார் என்னைப் பார்த்ததும்.

ஊசி போட்டதும் பையன் விழித்துக்கொண்டு வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி அழுதான்.