பெரியப்பாவின் காலுக்கு ஒரு பட்டை ஸ்பிரிங்

பக்கவாதம் வந்து தேறிய பெரியப்பாவுக்கு வலது பாதத்தை மட்டும் தூக்க வரவில்லை. முன்பாதம் தொங்கித் தரையில் உரசும். மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ.வை, அதாவது கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து நிறுத்தும் தாங்கியை, கட்டினால் கால் தடுக்காது. ஆனால் குதிகால் ஊன்றியதுமே முழங்காலை முன்னே தள்ளுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். மெக்கானிக்கல் படித்தவன் வீட்டில் இருந்துகொண்டு சும்மா இருப்பானேன்? கெண்டைக்கால் பட்டைக்கும் பாதத் தகட்டுக்கும் நடுவே, பின்பக்கம் வளையும் ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங் ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்று, இப்படிப்பட்ட தாங்கிகளைச் செய்து பொருத்தும் ஆர்த்தோட்டிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

அகலம் 40 மி.மீ., தடிமன் 3, வளையும் நீளம் 120. வளைவையும் விசையையும் கணக்கிட இலவசமாகக் கிடைக்கும் ப்ரீபோமேக்ஸ் என்ற மென்பொருளில் மாடலாக்கி, ஒரு முனையை இறுக்கி மறுமுனையில் 2 கிலோ தொங்கவிட்டேன். 1.1 மி.மீ. இறங்கியது. காகிதத்தில் போட்ட கணக்கோ 6.3 என்றது. தப்பு மெஷ்ஷில், அதாவது கணக்குக்காக மாடலைச் சின்னச் சின்னக் கட்டிகளாக (எலிமென்ட்) பிரித்த விதத்தில். தடிமனுக்கு ஒரே ஒரு 8 முனை எலிமென்ட் வைத்திருந்தேன். அதன் விளிம்புகளுக்கு வளையத் தெரியாது. வளைய வேண்டிய இடத்தில் சரிந்து, இல்லாத விறைப்பைக் காட்டும். விளிம்பு நடுவிலும் முனை உள்ள 20 முனை எலிமென்ட்டுக்கு மாற்றியதும் 6.3 வந்துவிட்டது.

பட்டறையில் ஃபைபர் கிளாஸ் துணி அடுக்கி எபாக்ஸிப் பிசின் ஊற்றிச் செய்த ஸ்பிரிங்கை வைஸில் மாட்டி அதே 2 கிலோவைத் தொங்கவிட்டால் ஒன்பதரை! இரண்டு நாள் எபாக்ஸியைத் திட்டினேன். பிறகுதான் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளக்கத் தோன்றியது. தடிமன் 2.6தான். விறைப்பு தடிமனின் மும்மடியோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) போவதால், இந்த 0.4 மி.மீ. குறைவே மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

ரொம்ப நாள் சுற்றவிட்டது அடுத்ததுதான். மாடலில் கெண்டைக்கால் பட்டையைக் காலோடு ஒட்டவைத்து, பாதத்தை 10 டிகிரி மேலே மடக்கினேன். ஸ்பிரிங்கில் நம்பவே முடியாத இழுவிசை. கணுக்கால் அச்சு கணு எலும்புகள் வழியாகப் போகிறது. என் ஸ்பிரிங்கோ அதற்கு 60 மி.மீ. பின்னால். பாதம் 10 டிகிரி மடங்கினால் அந்த இடம் ஒரு சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். ஃபைபர் கிளாஸ் அவ்வளவு நீளாது. அப்படியானால் நிஜத்தில் என்ன நடக்கிறது?

பெரியப்பாவின் காலில், கெண்டைக்கால் பட்டையின் மேல் விளிம்பை ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு நடக்கச் சொன்னேன்.

"டேய், பட்டை வழுக்குறது எனக்கு முதல் நாளே தெரியும். நீ கேக்கலையே?"

கோட்டுக்கும் விளிம்புக்கும் சரியாக ஒரு விரல்கடை. மாடலிலும் கெண்டைக்கால் பட்டையை மேலும் கீழும் வழுக்கவிட்டேன். இழுவிசை காணாமல் போனது, மிஞ்சியது வெறும் வளைவு. 2.6 மி.மீ. ஸ்பிரிங்கை ஒரு டிகிரி வளைக்க 0.17 நியூட்டன் மீட்டர் திருப்பம் வேண்டும். செருப்போடு சேர்த்து அவர் பாதம் கொடுக்கும் திருப்பம் ஏறக்குறைய 1 நியூட்டன் மீட்டர். அதாவது பாதம் ஆறு டிகிரி தொங்கும். அது போதாது. 3.2 மி.மீ. தடிமனில் இன்னொரு ஸ்பிரிங் செய்தேன். இப்போது தொங்கல் மூன்று டிகிரி. வழுக்கும் இடத்தில் தோல் சிவக்காமல் இருக்க உள்ளே பருத்தி உறை.

எத்தனை ஆயிரம் காலடிக்குத் தாங்கும் என்ற கணக்கை இன்னும் போடவில்லை. அதுவரை ஞாயிறுதோறும் ஸ்பிரிங்கைக் கழற்றி ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்க்கிறேன். எங்காவது சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிகிறது என்று பொருள். பெரியப்பாவும் காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.