காத்து எங்க போகும்?

கோவையில் எங்கள் ஆய்வகத்துக் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு கூண்டு செய்ய வேண்டியிருந்தது. துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். 5 லிட்டர் தொட்டியில் 20 பார் அழுத்தம் வரை (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காற்றை அடைத்து, வால்வைச் சட்டென்று திறப்போம். ஒரு மீட்டர்க் குழாய் வழியே 12 மி.மீ. எஃகுக் குண்டு பாய்ந்து போய் கார்பன் ஃபைபர் தகட்டில் மோதும். ஓடுபாதைக் கல் தெறித்தால் விமான உடம்பு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக.

குண்டு 7 கிராம்தான். வினாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று வைத்தால் அதன் ஆற்றல் 140 ஜூல். வேகம் பாதியானால் 35 ஜூல், அதாவது கால்வாசி. இதை நினைத்தே ராத்திரியெல்லாம் வரைந்தேன். சுற்றிலும் 10 மி.மீ. இரும்புத் தகடு, குண்டு திரும்பி எகிறாமல் இருக்க, பின்சுவருக்கு முன்னால் தடித்த ரப்பர்ப் பாய், கேமராவுக்குப் பக்கவாட்டில் மட்டும் ஜன்னல், அதில் கண்ணாடி மாதிரி தெரியும் உறுதியான பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட், 12 மி.மீ. தகடு இரண்டு அடுக்கு.

வரைபடத்தைப் பட்டறைக்காரரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குண்டு நிக்கும் தம்பி. பின்னாலயே வர்ற காத்து எங்க போகும்ங்க?"

நான் காற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை! அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 5 லிட்டரில் 20 பார் என்றால் வெளியே விரியும்போது 100 லிட்டர். கூண்டின் கொள்ளளவு 360 லிட்டர். வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே 0.28 பார் ஏறும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 1.7 டன் எடைக்குச் சமம். நான் போட்டிருந்ததோ பீரோவுக்குப் போடுகிற மாதிரி ஒற்றைத் தாழ்ப்பாள்.

அப்புறம் கூரையில் ஒரு புகைபோக்கி வைத்தோம். உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகள், காற்று வளைந்து போகலாம், சில்லு நேராகப் போக முடியாது. கதவுக்கு நான்கு தாழ்ப்பாள். கதவு மூடாவிட்டால் வால்வு திறக்காதபடி ஒரு சுவிட்ச். கரண்ட் போனால் தொட்டி தானாகவே காலியாகிற மாதிரி இன்னொரு வால்வு. நம்மூரில் இது ரொம்ப முக்கியம்.

ஜன்னல் கதை தனி. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு தம்பி அசிட்டோன் போட்டுத் துடைத்துவிட்டான். பாலிகார்பனேட்டுக்கு அது விஷம். காலையில் பார்த்தால் முழுக்க வலைப்பின்னலாக நுண்விரிசல். திட்ட மனசு வரவில்லை, எச்சரிக்கை ஒட்டாதது என் தப்பு. தகடுகளை மாற்றி, சோப்புத் தண்ணீர் மட்டும் என்று எழுதி ஒட்டினேன்.

முதல் வெடிப்பைக் குண்டில்லாமல், வெறும் காற்றில் வைத்தோம். கதவிடுக்கில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு லேசாகப் படபடத்ததோடு சரி. புகைபோக்கி வழியே போன காற்று மின்விசிறியில் மோதி, அதன் மேலிருந்த தூசி மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது.