மொய்த்தொகையை முடிவு செய்வது யார்?

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: பணம் தர வருகிறவர் தம் பெயரைச் சொல்வதற்கு முன்பே நோட்டைப் பார்த்துவிடுகிறார். கையெழுத்து புரியும்படி இருக்கும் என்ற ஒரே காரணத்தால் உறவினர் வீட்டு விசேஷங்களில் அந்த இடம் எனக்கு அடிக்கடி வாய்த்திருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் தடவிய நீள நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போகவேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள் என்பதால் தகப்பனார் பெயரையும் கேட்டுச் சேர்க்கவேண்டும். விட்டுவிட்டால் பின்னால் வம்பு. சட்டைப்பையிலிருந்து இருநூறு ரூபாய்த் தாளை எடுத்தபடி வருகிறவர், மேல்வரியில் தம் பங்காளியின் பெயருக்கு நேரே 501 என்றிருப்பதைக் கண்டதும், அந்தத் தாளை மெல்ல உள்ளே திணித்துவிட்டு, மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டு, ஐந்நூறு ரூபாயும் ஒரு ரூபாய் நாணயமும் நீட்டுவார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்கு இந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். சிறு பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் உடன் இருந்தவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பேசிவைத்தபடி தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பின்னர் அவர் செய்து பார்த்த ஒரு மாறுதல். விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் தனியாக எழுதித் தரச் சொன்னபோது, கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் கடைகளில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி விற்கிற மொய் கவர் செய்கிற வேலையும் இதுவே. கவரை மணமக்கள் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர் தம் சக்திக்கு ஏற்றதை வைக்கிறார். தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கிற ஊர்களில் அந்தச் சலுகை கிடையாது.

இருந்தாலும் ஆஷின் அறையில் நடந்தது அந்தச் சோதனையோடு முடிந்துவிடும். மொய் வைக்கிறவரோ இதே முகங்களோடு காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கருமாதி என்று ஆயுள் முழுவதும் நடமாடவேண்டியவர். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925-இல், கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் கடமைகளே என்று தொலைதூரத் தீவுச் சமூகங்களை வைத்து எழுதினார். எங்கள் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரியாமலே இதைக் கரைத்துக் குடித்தவர்கள். வாங்கியதை அப்படியே திருப்பி வைத்தால் கணக்கு தீர்ந்தது, உறவும் தீர்ந்தது என்று பொருள் கொள்வார்கள். ஆகவே வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைத்து, அடுத்த முறை எதிராளியைக் கடனாளி ஆக்கவேண்டும். கடன் முழுதாக அடையாமல் இருப்பதால்தான் போக்குவரத்து நிற்பதில்லை.

அழைப்பிதழின் அடியில் ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று அச்சிடுவது பெருந்தன்மை என்று நினைக்கிறோம். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருப்பிச் செய்ய இருக்கும் ஒரே வாசலை அந்த வரி அடைத்துவிடுகிறது. அதனால்தான் அவர்கள் வரியைப் படித்த பிறகும் கவரோடு வந்து, மணமகனின் தகப்பனாரை ஓரமாக அழைத்துப்போய்ச் சட்டைப்பையில் திணிக்கிறார்கள்.

இந்த வாசலைத் தாமே கட்டிக்கொண்டவர்கள் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக்காரர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துக்குக் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பல காலம் வைத்த மொய் ஊரெங்கும் நிற்கும்போது வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது வரும் என்று தெரியாத குடும்பம் என்ன செய்யும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைத்து வசூலித்துக்கொள்ளும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்துவதும் உண்டு; ஆட்டுக்கறிச் சாப்பாடு முடிந்ததும், வரிசையாகப் போட்ட மேசைகளில் யாருக்குத் தரவேண்டுமோ அவர் பெயர் எழுதிய இடத்தில் தொகையைச் செலுத்திவிட்டுப் போவார்கள். வட்டியில்லாத அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் உண்டு. முத்திரைத்தாள் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு வசூல் குறைந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வழக்கம் நின்றுபோகவில்லை.

அதற்காக இதைப் போற்றிப் பாட நான் தயாரில்லை. திருப்பிச் செய்யவேண்டிய நாள் நெருங்கும்போது நகையை அடகு வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். ஆடு வாங்க வைத்திருந்த பணம் மாமன் மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்று ஒரு பெண் சொன்னபோது, அவர் குரலில் கோபம் இருந்ததே தவிர, போடாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இல்லை. சமூகத்தின் பிடி எத்தனை ஆழம் என்பதற்கு எனக்கு அந்தக் கோபமே அளவு. செய்ய மனமில்லாததைச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். செய்யாமல் விடுவது என்ற வழி கண்ணுக்கே தெரிவதில்லை.

இப்போது நோட்டுக்குப் பதில் கணினியில் மொய் பதிந்து உடனே ரசீது அச்சிட்டுத் தருகிறார்கள். மேசைமேல் கியூஆர் அட்டையும் இருக்கிறது. மேல்வரியை எட்டிப் பார்க்கமுடியாது என்பதால் தொகைகள் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. முன்பு நாங்கள் என்ன வைத்தோம் என்று மேசையிலேயே கேட்கிறார்கள், தேடிச் சொல்லவும் கணினிக்கு நொடிப்பொழுது போதும். எங்கள் உறவில் அண்மையில் நடந்த பாகப்பிரிவினையில், வயலையும் வீட்டையும் பிரித்த பிறகு, மறைந்துபோன தகப்பனார் பெயரில் இருந்த மொய் நோட்டையும் அண்ணன் தம்பி மூவரும் ஊர் வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். வரவேண்டியது அதிகமாக இருந்த ஊர்களுக்குத்தான் போட்டி.