பன்னிரண்டு லிட்டர் கடலும் ஒரு குட்டி விசிறியும்

பவளம் வளர்க்க வாங்கிய தொட்டியில் தண்ணீர் ஊற்றிய முதல் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானி 31.4 டிகிரி காட்டியது. மீன் இல்லை, பவளம் இல்லை. வெறும் உப்புத் தண்ணீரும் நாலு கல்லும்தான். அதற்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஹால் மேற்கு பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் சன்னலைத் தாண்டி சோபா வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டியை வைக்க மனைவி ஒதுக்கிய இடமோ டிவி மேசையின் ஓரம் ஒரு முழம். அதற்குள் அடங்கியது 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 20 உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கணக்குக்கு 12 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் இறக்கி நிரப்பினால் உள்ளே நிற்பது 9 லிட்டர் தண்ணீர். ஒரு வாளி அளவுகூட இல்லை.

பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாம் செய்யும் தப்பை அவ்வளவு தண்ணீரும் சேர்ந்து கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ளும். 9 லிட்டரில் அந்தச் சலுகை கிடையாது. இது எனக்கு வாங்குவதற்கு முன்பே தெரியும். தெரிந்தும்தான் வாங்கினேன்.

சூட்டைக் குறைக்க மூன்று வழிகள் இருந்தன. ஏர்கானை நாள் முழுக்க ஓட விடுவது, அதற்கு மின்கட்டணம் கட்டி மாளாது. குளிரூட்டும் எந்திரம் வாங்குவது, அதன் விலையில் இந்தத் தொட்டியைப் போல ஐந்தாறு வாங்கலாம். மூன்றாவது, விளிம்பில் மாட்டிக்கொள்ளும் உள்ளங்கையளவு விசிறி. சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒன்று வாங்கி வந்தேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி மாட்டினேன். மறுநாள் அதே மூன்று மணிக்கு 28.3. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே சங்கதிதான். ஆவியாகிப் போகும் தண்ணீர் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் மதுரை, திருச்சி மாதிரி இங்கே அது வேலை செய்யாது. இருந்தாலும் மூன்று டிகிரி என்பது எனக்குப் போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆனால் பவளத்துக்கு அப்படியே ஊற்றக்கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறது. ஊரில் செய்வதைப் போல வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் அவ்வளவு லேசில் போகாது. மருந்து விட்டு முறிக்கலாம். என் தொட்டிக்கு வாரத்துக்குச் சில லிட்டர்தான் தேவைப்படும் என்பதால் நான் சூப்பர்மார்க்கெட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்கிறேன். கடல் உப்புத் தூள் லிட்டருக்கு 38 கிராம் வாக்கில் போட்டு, தனி வாளியில் ஒரு ராத்திரி காற்றுக் குழாய் ஓடவிட்டுக் கலக்கிக்கொள்வேன். இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு.

அதை அளக்க முதலில் முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருந்தேன். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், பொய் சொல்லும். இரண்டு வாரத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். யாராவது ஆரம்பித்தால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். விளக்கைக்கூட அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஐந்து வாரம் வீட்டில் என் மானம் போனது. அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதுவரை உயிருள்ள எதையும் விட முடியாது. தினமும் மாலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு, பச்சையா மஞ்சளா என்று விளக்கடியில் தூக்கிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு அங்கிள் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, மீன் எங்கே என்று கேட்பார். "அப்பா தண்ணி வளர்க்கிறாங்க" என்று மகள் பதில் சொல்லிவிடுவாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஆரஞ்சும் வெள்ளையுமாய் இருக்கும் கோமாளி மீன். அதற்கு இந்தத் தொட்டி காணாது என்று சொன்னதில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் வாரம் எல்லாம் பழுப்பாகப் பாசி பிடித்தது. தானாகப் போகும் என்றார்கள், போனது. அப்புறம் பச்சை முடிப்பாசி வந்தது. அது தானாகப் போகாது. பல் துலக்கும் பிரஷ்ஷால் சுருட்டி எடுத்தேன்.

கல்லோடு வந்த விருந்தாளி ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடையில் ஈரமாக விற்கும் லைவ் ராக் என்ற கடல் கல்லில் ஏகப்பட்ட சின்னப் பிராணிகள் ஒளிந்து வரும். அரிசி அளவில் ஒரு நட்சத்திரப் பிராணி ராத்திரியில் கைகளை வெளியே நீட்டும், அதைப் பார்க்கவே நான் டார்ச் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடவே வந்தது ஐப்டேசியா. கண்ணாடி மாதிரி மெல்லிய, அழகான கடற்சாமந்தி. அழகை நம்பி நான் இரண்டு வாரம் விட்டுவைத்தேன். ஒன்று ஐந்தானது. பிடுங்கப் பார்த்தேன், ஒட்டியிருந்த துணுக்கிலிருந்து மறுபடி முளைத்தது. கடைசியில் ஊசி போடும் சிரிஞ்சில் எலுமிச்சைச் சாறு ஏற்றி, அதன் வாய்க்குள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் செய்யவில்லை, 9 லிட்டரில் புளிப்பு ஏறிவிடுமே என்ற பயம். ஐந்து நாளில் ஒழிந்தன.

டிசம்பர் கடைசியில் பவளம் வந்தது. மஷ்ரூம் இரண்டு, ஸீனியா ஒரு கொத்து, பச்சை நட்சத்திரப் பாலிப் ஒரு வில்லை. எல்லாம் தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகள். மஷ்ரூமைப் பவளம் என்று விற்றாலும் அது சுண்ணாம்புக் கூடு கட்டாத ஒரு சொந்தக்காரப் பிராணிதான். அதனால் கால்சியம் கணக்குப் பார்க்கும் தொல்லை குறைவு. ஸோவாந்தஸ் என்று வண்ண வண்ணமாய்ப் பொத்தான் போல ஒன்று உண்டு, ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பேலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கிறது. கையுறை போட்டுத் தொட வேண்டும், அது வளர்ந்த கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. மகள் கையை விட்டுத் துழாவும் வீட்டில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிராணி என்று பார்த்தால் இரண்டு நத்தை, மூன்று குட்டி இறால். தோர் அம்பொய்னென்சிஸ் என்பது அறிவியல் பெயர். இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. வாலைத் தூக்கிக்கொண்டு எந்நேரமும் இடுப்பை ஆட்டும். மகள் அதற்கு வைத்த பெயர் டப்பாங்குத்து. கோமாளி மீன் பேச்சு அதோடு நின்றது.

இதற்குள் விசிறியின் மறுபக்கம் எனக்குப் பிடிபட்டிருந்தது. ஒரு நாளைக்கு 400 மில்லி தண்ணீர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். 9 லிட்டரில் 400 மில்லி குறைந்தால் 35 என்பது 36.6 ஆகிவிடும். இரண்டு நாள் விட்டால் 38.4. ஆகவே காலையில் கோப்பி குடிக்கும் முன் நல்ல தண்ணீரை அளந்து ஊற்றுவது என் வேலையானது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு நாங்கள் பினாங்கு போனோம். நாலு நாள். சாவியைத் தம்பியிடம் கொடுத்து, "தினமும் கோடு வரைக்கும் தண்ணி ஊத்திடு" என்றேன். அவனும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து ஊற்றியிருக்கிறான். பால்கனியில் இரண்டு வாளி இருந்தன. ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று மாற்றுவதற்காகக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். எது என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது ஸீனியா கூழாகியிருந்தது. மஷ்ரூம் இரண்டும் பட்டாணி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. ஒரு இறால் மல்லாந்திருந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் 41. தம்பிக்குப் போன் போட்டேன்.

"எந்த வாளியில எடுத்தே?"

"நீல வாளிதான். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணிதானே அண்ணே ஊத்தணும்?"

அவன் சொன்னதில் என்ன தப்பு என்று உடனே எனக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை. அப்போது தூத்துக்குடியிலிருந்து அத்தை வந்து எங்களோடு தங்கியிருந்தார், பினாங்குக்கும் கூட வந்திருந்தார். போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "மாப்ள, உப்பளத்துல பாத்தி கட்டுற கணக்கால்லா இருக்கு" என்றார். அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற மேலும் கடல் தண்ணீரைப் பாய்ச்சுவார்கள், வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். "நீங்க வெயிலுக்குப் பதிலா ஃபேனை வச்சிருக்கீக. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா வாரி மூட்டை கட்டிருக்கலாம்." மூட்டை கட்டுவது மிகை, ஆனால் கணக்கு சரி. நாலு நாளில் 1.6 லிட்டர் உப்புத் தண்ணீர் என்றால் 56 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. 315 கிராம் இருந்த இடத்தில் 371. ஒன்பதால் வகுத்தால் 41.2.

ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றி இறக்கியிருந்தால் மிச்சமும் செத்திருக்கும். காலையும் மாலையும் கால் லிட்டர் எடுத்துவிட்டுக் கால் லிட்டர் நல்ல தண்ணீர். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பங்கு போல இறங்கியது. ஆறு முறையில், மூன்றாம் நாள் மாலை, 35-க்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மஷ்ரூம் ஒரு வாரம் கழித்து விரிந்தது. ஸீனியா போனது போனதுதான். தம்பி பாவம், செத்த இறாலுக்குப் பதில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏப்ரல் வேறு கதை. மழைக்காலத்தில் 27-ல் இருந்த தண்ணீர் விசிறி ஓடியும் 29.8 தொட்டது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாட்டில் பெரும் பங்கைத் தருகிறது. சூடு எல்லை மீறி நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். நம் தீவைச் சுற்றியுள்ள கடலிலேயே 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் அப்படி நடந்தது. அந்தக் கடலுக்கு விசிறி மாட்ட முடியாது, என் தொட்டிக்கு இன்னொன்று மாட்டினேன். சன்னலுக்குத் தடித்த திரை, விளக்கு எரியும் நேரத்தை மதியத்திலிருந்து மாலை ஐந்துக்கு மேல் தள்ளியது, இரண்டும் சேர்ந்து 28.5-க்குள் வந்தது. ஆனால் இரண்டு விசிறிக்கு ஒரு நாளைக்கு 600 மில்லி பறந்தது. நான் ஆபீஸில் இருக்கும் நேரத்திலேயே உப்பு ஏறி இறங்கியது, மஷ்ரூமின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம்தான் மிதவை வைத்துத் தானாகத் தண்ணீர் ஏற்றும் சின்ன பம்ப் வாங்கினேன். 45 வெள்ளி. ஜனவரியிலேயே வாங்கியிருக்கலாம். மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்து ஒருமுறை ஏமாற்றியது. அதற்கு ஒரு வலைத் தடுப்பு.

இது ஜூன். பச்சைப் பாலிப் ஒரு கல்லை முழுக்க மூடிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது, வெட்டிக் கொடுக்க ஆள் தேடுகிறேன். மஷ்ரூம் இரண்டில் ஒன்று நடுவில் கிழிந்ததில் இப்போது மொத்தம் மூன்று. பின்பக்கக் கண்ணாடியில் ஊதாப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் பாசி வர ஆரம்பித்திருக்கிறது. இன்று மாலை சூடு 28.4, உப்பு 35. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் நீல வாளியின் மேல் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "சித்தப்பா, இது இல்லை."