5 டாலர் அபராதமும் 10 பேர் வரம்பும்

கொரோனா காலக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம், 1905ஆம் ஆண்டின் ஜேக்கப்சன் தீர்ப்பு முன்னால் வந்து நிற்கிறது. பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுத்த ஒருவருக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விதிக்கப்பட்ட 5 டாலர் அபராதம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய வழக்கு அது. 2020 மே மாதம், வழிபாட்டுத் தலங்கள் மீதான கலிபோர்னியா அரசின் கட்டுப்பாட்டுக்குத் தடை விதிக்க நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறுத்தபோது, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அந்தப் பழைய தீர்ப்பையே துணைக்கு அழைத்தார்.

ஆறே மாதத்தில் காற்று திசை மாறியது. நியூயார்க்கில் தொற்று கடுமையாக இருந்த 'சிவப்பு மண்டல'த்தில் ஒரு வழிபாட்டுத் தலத்துக்குள் 10 பேர் மட்டுமே இருக்கலாம் என்ற ஆணையைப் புரூக்ளின் கத்தோலிக்க மறைமாவட்டம் எதிர்த்தது. ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய தேவாலயத்துக்கும் அதே பத்துதான். ஆனால், 'அத்தியாவசியம்' எனப் பட்டியலிடப்பட்ட அக்குபங்சர் நிலையத்துக்கோ எண்ணிக்கை வரம்பே இல்லை. இந்த முரணைத்தான் நீதிமன்றம் பிடித்துக்கொண்டு, நவம்பர் 25 அன்று, மீண்டும் 5-4 என்ற கணக்கில், ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. இடையில் தாராளவாத நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்து, பழமைவாதியான ஏமி பாரெட் அந்த இருக்கைக்கு வந்திருந்தார் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

எனக்கு நெருடலாக இருப்பது வேறொன்று. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பகுதிகள் கட்டுப்பாடு தளர்ந்த மஞ்சள் மண்டலமாக மாற்றப்பட்டு, 10 பேர் வரம்பு அங்கே நடைமுறையில் இல்லாமல் போயிருந்தது. ஆகவே அவசரத் தடைக்கு இப்போது தேவையில்லை என்று ராபர்ட்ஸ் மாறுபட்டு எழுதினார்.