மூன்று செட் பிரேக் பேட்

எங்கள் ஊர் சைக்கிள் கடையின் மெக்கானிக் போன வாரம் என் முன்சக்கர பிரேக் பேடுகளை (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை அழுத்தித் தேயும் சின்னப் பட்டைகள்) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்மானம் எவ்வளவு என்று அளவுகோலை வைத்து அளந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதே பேடுகளைத் திரும்ப மாட்டினார். அவர் எனக்குத் தந்த பாராட்டுகளில் இதுதான் பெரியது. ஏன் என்று சொல்வதற்கு இரண்டரை வருடம் பின்னால் போக வேண்டும்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் சான் ஹோசேயில். வேலை கணினி முன்னால். 2022 அக்டோபரில், 41 வயதில், பக்கத்துக் கடையின் மவுன்டன் பைக் அணியில் சேர்ந்தேன். "அணி" என்றதும் தேர்வு வைத்து எடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கடையின் பெயர் போட்ட ஜெர்சியைக் காசு கொடுத்து வாங்கவேண்டும், வருடத்தில் சில பந்தயங்களாவது ஓட்டவேண்டும், ஒரு நாளாவது ஏதாவது ஒரு பந்தயத்தில் பாதையோரம் வழிகாட்டும் மார்ஷலாக நிற்கவேண்டும். பதிலுக்கு உதிரிபாகங்களில் தள்ளுபடி, செவ்வாய் மாலைகளில் சேர்ந்து ஓட்டுவது, பந்தய நாளில் கடைக் கூடாரத்தில் ஒரு நிழல், ஒரு வாழைப்பழம். அணியில் பதினேழு வயதுப் பையனும் உண்டு, அறுபத்து மூன்று வயது மெக்கானிக்கும் உண்டு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. "சார்" என்றால் சிரிக்கிறார். அதனால் பெரும்பாலும் "ஹலோ" என்று ஆரம்பித்துச் சமாளிக்கிறேன்.

வீட்டில் ஒரே கேள்விதான் வந்தது. "என்னங்க, விழுந்தா யாரு ஆபீஸ் போறது?"

முதல் பந்தயம் 2023 பிப்ரவரியில், மான்டரே அருகே ஃபோர்ட் ஆர்டில். அது பழைய ராணுவ முகாம். 1994இல் மூடினார்கள், 2012இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், உள்ளே போகாதே என்ற எச்சரிக்கைப் பலகைகள் சில வேலிகளில் இன்றும் தொங்குகின்றன. மீதி இடமெல்லாம் ஓக் மரங்களுக்கும் மான்சனீட்டா புதர்களுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைகள். கடல் பக்கம் என்பதால் பழைய மணல்மேடுகளின் மேல்தான் எல்லாம். நேராக ஓடும்போது மண் இறுகி, சிமெண்டுத் தரைபோல் இருக்கும். வளைவு வந்ததும் சர்க்கரை கொட்டியதுபோல் மணல்.

என் பிரிவு கேட்டகரி மூன்று, அதாவது புதியவர்கள், 40 வயதுக்கு மேல். ஏழு மைல் சுற்று, இரண்டு முறை. விசில் அடித்ததும் எல்லோரும் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம்போல் பாய்ந்தார்கள். எதற்கு இந்த அவசரம், பதினாலு மைல் இருக்கிறதே என்று நான் நிதானமாகக் கிளம்பினேன். இரண்டு நிமிடத்தில் காரணம் தெரிந்தது. அகலமான பாதை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் வாயில், ரேஷன் கடை வரிசைபோல் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் நுழைந்தவர்கள் மட்டும் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டிருந்தார்கள். அதன்பிறகு இரண்டு முறை மணலில் விழுந்தேன். 22 பேரில் 19ஆவது. அந்த சீசன் முடியும்போது 17ஆவது இடத்துக்கு வந்திருந்தேன். மூன்று செட் பிரேக் பேட் மாற்றியிருந்தேன். அப்போது அந்த இரண்டாவது எண்ணை நான் கவனிக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் காலுக்குப் பலம் ஏற்றுவது. அந்தக் குளிர்காலம் முழுவதும் காலை ஐந்தரைக்குக் கராஜில் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) உட்கார்ந்தேன். வாரத்தில் இரண்டு நாள் எட்டு நிமிடம் வீதம் நான்கு முறை மூச்சு முட்ட மிதிப்பது, மீதி நாள் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம். ஒரு மணிநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி 198 வாட்டிலிருந்து 231 வாட்டுக்கு ஏறியது. எக்செல்லில் வரைபடம் போட்டு ரசித்தேன். 2024 பிப்ரவரி, அதே ஃபோர்ட் ஆர்ட், 21 பேரில் 15ஆவது. மூன்று மாதம் கராஜில் வியர்வை சிந்தியதற்கு இரண்டே இடம். ஏற்றத்தில் முந்திய ஆட்களெல்லாம் அடுத்த இறக்கத்தில் "லெஃப்ட்!" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருவருக்கு என்னைவிட இருபது கிலோ அதிகம் இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கிடம் புலம்பினேன். அவர் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "எவ்வளவு காற்று?" என்றார். 32 பிஎஸ்ஐ என்றேன், பெருமையோடு. சிறுவயதில் மதுரையில் பம்ப் அடிக்கும்போது "கல்லு மாதிரி இருக்கணும்" என்று அப்பா சொன்னது மனதில் அப்படியே இருக்கிறது. அவர் வால்வை அழுத்தி உஸ்ஸென்று காற்றை இறக்கிக்கொண்டே போனார். முன்னால் 20, பின்னால் 22. என் எடை 74 கிலோ, டயர் 2.4 அங்குலம், டியூப் இல்லாதது. காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதைச் சுற்றி அமுங்கும், மண்ணைத் தொடும் பரப்பும் கூடும். ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் இடிக்கும், வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். இரண்டுக்கும் நடுவே அவரவர் எடைக்கு ஒரு எண் இருக்கிறது. தேட வேண்டியது அதைத்தான்.

காற்று சரி. அப்புறம் அவர் சான்டா தெரேசா பூங்காவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்குத் தெற்கே பாறையும் வறண்ட புல்லுமாக இருக்கும் குன்று அது. என்னை முன்னால் விட்டு, பின்னாலேயே இறங்கி வந்தார். கீழே வந்ததும் சொன்னார்: "நீ 31 தடவை பிரேக் பிடித்தாய். நான் 9 தடவை."

வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். டயருக்கு மண்ணைப் பிடிக்கும் சக்தி ஒரு அளவுதான் உண்டு. வேகத்தைக் குறைப்பதற்கும் அதே சக்திதான், வளைவில் திரும்புவதற்கும் அதே சக்திதான். வளைவின் நடுவில் பிரேக்கைப் பிடித்தால், திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. முன்சக்கரம் வழுக்கும். நான் விழுந்த இரண்டு முறையும் நடந்தது இதுதான். மணல்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, ஒரு விரலால் பலமாகப் பிடித்து முடித்துவிட வேண்டும். பிறகு விட்டுவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பு நேராக, சைக்கிள் மட்டும் உள்ளே சாய, பார்வை வளைவு முடியும் இடத்தில். விழுந்துவிடுவோமோ என்று பார்க்கும் இடத்தில்தான் சக்கரம் போகும்.

கேட்கும்போது எளிது. அந்தக் கணத்தில் விரல் கேட்காது. நாற்பது வளைவு உள்ள ஒரு சுற்றில் வளைவுக்கு இரண்டு நொடி இழந்தால் எண்பது நொடி. இழந்த வேகத்தைத் திரும்ப எடுக்கக் கால் மிதிக்க வேண்டும். அதாவது கராஜில் சம்பாதித்த 33 வாட்டை வளைவு வளைவாகப் பிரேக் பேடில் தேய்த்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன்! அந்தக் கோடை முழுவதும் ஒரே பயிற்சி. பூங்கா வாகன நிறுத்தத்தின் மண் ஓரத்தில் நான்கு தண்ணீர்ப் பாட்டிலை வைத்து எட்டுப் போடுவது. டிரைவிங் லைசென்ஸுக்கு வந்த ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ, நாயோடு நடப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்டில் அணியில் நாலைந்து பேர் ஃபேர்ஃபாக்ஸுக்குப் போனோம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டாமல்பைஸ் மலையடிவாரத்தில் சின்ன ஊர். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டுபோய், ஒரு மண்சாலையில் யார் முதலில் இறங்குவது என்று நேரம் வைத்துப் பார்த்தார்கள். இந்த விளையாட்டின் முதல் முறையான பந்தயம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வண்டிகளுக்குப் பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடு அச்சுப் பகுதியில்) மட்டும்தான் பிரேக், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். கீழே வருவதற்குள் உள்ளேயிருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சாலைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர். இரண்டு மைலுக்குச் சற்று அதிகம், 1,300 அடி இறக்கம். கேரி ஃபிஷர் போட்ட 4 நிமிடம் 22 நொடிதான் சாதனை. அங்கே ஓட்டிய ஜோ பிரீஸ் மறுவருடமே இதற்கென்று தனியாக ஃபிரேம் கட்டி சைக்கிள் செய்தார்.

நான் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு இறங்க எடுத்துக்கொண்டது 11 நிமிடம். இப்போது அந்தப் பகுதியில் மணிக்கு 15 மைல் வேக வரம்பு இருக்கிறது. வரம்பை மீறாமல் இறங்கினாலே எட்டரை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு ஆறுதல் பட்டுக்கொண்டேன். ஆனால் சரளைக்கல் வளைவுகளில் நின்று பார்த்தபோது, கிரீஸ் புகைகிற ஒற்றை பிரேக்கை நம்பி இங்கே வந்தவர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்று புரிந்தது. பிரேக் பிடிக்காமல்தான். வேறு வழி ஏது?

நடுவில் பாய்சன் ஓக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கம் ஓட்ட வருகிற நம்மவர்களுக்கு உதவும். மூன்று மூன்றாக இலை விடும் செடி, வெயிலில் பளபளக்கும், இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். அதன் பிசின் பட்டால் இரண்டு நாளில் கொப்புளம். நம் ஊர் சேராங்கொட்டையின் சொந்தக்காரச் செடிதான், மாமரமும் முந்திரியும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. பிசின் கையுறையிலும் ஹேண்டில் பாரிலும் பல நாள் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்த உடனே பாத்திரம் தேய்க்கும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவிவிட வேண்டும். நான் முதல் வருடம் கழுவாமல் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனிக் கட்டுரை.

2025 ஏப்ரலில் சீ ஆட்டர். லகூனா செக்கா கார்ப் பந்தயத் தளத்தில் வருடாவருடம் நடக்கும் திருவிழா. சைக்கிள் கம்பெனிகளின் கூடாரங்களைச் சுற்றிப் பார்க்கவே ஒரு நாள் போதாது. பந்தயப் பாதை ஃபோர்ட் ஆர்டுக்குள் இறங்கி, கடைசியில் நெஞ்சு வெடிக்கும் ஏற்றமாகத் திரும்பி வரும். அன்று எனக்கு வளைவுகள் எல்லாம் தானாக வந்தன. வேகத்தில் மிதந்துபோய் ஒரு கல்லை உரசினேன், டயரின் பக்கச் சுவர் இரண்டு சென்டிமீட்டர் கிழிந்தது. உள்ளே இருந்த சீலன்ட் பால் (சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) பீய்ச்சியது. ஓட்டையில் ரப்பர் பிளக் குத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. டியூப் போட்டால் கிழிசல் வழியாகப் பிதுங்கும். அப்போதுதான் மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது: பையில் எப்போதும் ஒரு டாலர் நோட்டு வைத்துக்கொள். இந்த ஊர் நோட்டு பருத்தி, லினன் இழைகளால் ஆனது, ஈரத்தில் எளிதில் கிழியாது. அதை நாலாக மடித்துக் கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவே வைத்துக் காற்றடித்தேன். 14 நிமிடம் போயிற்று. கடைசிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தேன், ஆனால் ஓட்டியே வந்து சேர்ந்தேன். நோட்டைக் கழற்றியபோது ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தில் வெள்ளைப் பால்.

மே மாதம் ஃபோர்ட் ஆர்டில் சீசனின் கடைசிப் பந்தயம். இந்த முறை தொடக்கத்தில் பாய்ந்தேன், ஒற்றையடிப் பாதைக்குள் எட்டாவதாக நுழைந்தேன். வாட் கணக்கு போன வருடத்துக்கு இந்த வருடம் இரண்டு மூன்றுகூட ஏறவில்லை. 20 பேரில் ஆறாவது. இங்கே மேடையில் ஐந்து பேரை ஏற்றுவார்கள். ஐந்தாவது ஆள் எனக்கு முன்னால் நான்கு நொடி. அவர்தான் அந்த இருபது கிலோ அதிகமானவர்.

இந்த சீசன் முழுவதற்கும் ஒரு செட் பேட். மெக்கானிக் அளந்தபோது இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. பின்சக்கரப் பேடுகளை அவர் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. அங்கே நிலவரம் அவ்வளவு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும்.